பொன்வண்டும் நீல ராட்சசர்களும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பது இருக்கட்டும், முதலில் மாடிப்படி ஏறுவதை நிறுத்து. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பார்த்தேன். அன்றிலிருந்து உன் ஞாபகம்தான். 'ஃபென்டாஸ்டிக் பிளானெட்', 1973-இல் வந்த பிரெஞ்சுப் படம். பொம்மைப் படம்தானே என்று பேரனையும் மடியில் வைத்துக்கொண்டேன். எடுத்த எடுப்பிலேயே ஒரு பெண் கைக்குழந்தையோடு ஓடுகிறாள். மேலிருந்து ஒரு பெரிய நீலக் கை இறங்கி அவளைச் சுண்டிவிடுகிறது. எழுந்து ஓடினால் வழியை மறிக்கிறது. தூக்கிக் கீழே போடுகிறது. செத்துப்போகிறாள். ராட்சசப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு! "அந்த அம்மா எப்போ எழுந்திருப்பாங்க தாத்தா?" என்றான். அவனைப் பாட்டியிடம் அனுப்பிவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்த்தேன்.

அந்தக் கிரகத்தில் மனிதர்கள்தான் வளர்ப்புப் பிராணி. அநாதையான குழந்தையை ஒரு ராட்சசச் சிறுமி எடுத்து வளர்க்கிறாள். கழுத்தில் பட்டை மாட்டுகிறாள், விதவிதமாக உடுத்தி அழகு பார்க்கிறாள். வெளியே திரிகிற மனிதர்களை மட்டும் அவ்வப்போது பூச்சிமருந்து அடிக்கிற மாதிரி ஒழிக்கிறார்கள். கொடியவர்கள் என்றும் சொல்ல முடியாது, உட்கார்ந்து தியானமெல்லாம் செய்கிறார்கள். சிறுமி பாடம் கேட்கும்போது கூடவே இருந்து கேட்டுக் கேட்டு இவன் விவரமாகிவிடுகிறான். பாடம் சொல்லும் கருவியையே தூக்கிக்கொண்டு ஒருநாள் ஓடிவிடுகிறான்.

ரோலான் தோபோர் வரைந்த உருவங்களைத் தாளில் வெட்டி, துளித்துளியாக நகர்த்திப் படமெடுத்திருக்கிறார் இயக்குநர் ரெனே லலூ. வேலை நடந்தது அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரத்தில். அசைவெல்லாம் விறைப்பு. ஆனால் அந்த உணர்ச்சியற்ற நீல முகங்களுக்கு அதுதான் பொருத்தம். 72 நிமிடம்தான், முடிவை அவசரமாக மூட்டை கட்டிவிட்டார்கள் என்பது என் குறை. பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசு வாங்கிய படம்.

சரி, உன் ஞாபகம் ஏன் வந்தது என்கிறாயா? அந்தக் கழுத்துப் பட்டையால்தான். ஐந்தாவது படிக்கும்போது தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்தோமே. கொடுக்காப்புளி இலை போட்டு, முட்டை போட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்து. உன் வண்டை ஒருநாள் இரவல் வாங்கிப் போனேன். பறந்துபோய்விட்டது என்று மறுநாள் சொன்னேன். பறக்கவில்லைடா. கழுத்தில் நூல் கட்டி இழுத்தேன், தலை தனியாக வந்துவிட்டது. கிணற்றடியில் புதைத்தேன்.

தையில் வருகிறாய் அல்லவா? பிள்ளைகள் தூங்கியதும் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ராமு