உப்பு மாவு வேலைக்குக் கை கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கோடை விடுமுறையில் நம் தெருப் பிள்ளைகள் உப்பு மாவில் செய்த தொங்கட்டான்களும் இலை அச்சுப் பதித்த தட்டுகளும் காய்ந்து தயாராகிவிட்டன. விரிசல் விடாமல் அவை நிற்பது உங்களால்தான்.

முதல் நன்றி, மாவு பிசைந்து கொடுத்த பாட்டிமார்களுக்கு. 2 கப் மைதா, 1 கப் தூள் உப்பு, ஏறக்குறைய முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். அளவு எளிதுதான், பக்குவம் கையில் இருக்கிறது. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, 10 நிமிடம் அழுத்திப் பிசைந்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாக எடுத்தார்கள். கையில் ஒட்டினால் தண்ணீர் கூடுதல். தேய்க்கும்போது ஓரம் வெடித்தால் குறைவு. கல்லுப்பை மிக்ஸியில் பொடித்துச் சலித்துத் தந்த அக்காவையும் இங்கே சொல்ல வேண்டும். உப்புப் பரல் தங்கினால் மாவு கிழியும், இலை நரம்பும் சரியாகப் பதியாது.

தச்சுப் பட்டறை அண்ணன் 6 மி.மீ. கனத்தில் இரண்டு மரச் சட்டங்கள் இழைத்துக் கொடுத்தார். மாவின் இருபுறமும் அவற்றை வைத்துப் பூரிக்கட்டையை அவற்றின் மேலேயே உருட்டினால், சின்னப் பிள்ளை தேய்த்தாலும் கனம் ஒரே சீராக வரும். ஒரு பக்கம் மெலிந்தால் அது முந்திக் காய்ந்து சுருங்கி, தட்டு வளைந்துவிடும். பாதிப் பிரச்சினை அந்தச் சட்டங்களால் தீர்ந்தது.

இலையும் விதையும் கொண்டுவந்த தோட்டக்காரத் தாத்தாவுக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். கொய்யா, அரசு, வேம்பு என நரம்பு புடைத்த இலைகளாகப் பார்த்துப் பறித்து, ஈரம் போகத் துடைத்துத் தந்தார். நரம்பு புடைத்த அடிப்பக்கம் மாவில் படும்படி வைத்து ஒருமுறை உருட்டி, காம்பைப் பிடித்து மெல்ல உரித்தால் அச்சு தெளிவாக விழும். கயிறு கோக்கும் துளைக்குப் பப்பாளி இலைக் காம்பின் மெல்லிய நுனியைக் காட்டியவரும் அவரே. துளை ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் காய்ந்தபின் பிய்ந்துவிடும். எல்லாவற்றையும்விட, விதைக் கூடையிலிருந்து குன்றிமணியை ஒன்றுவிடாமல் பொறுக்கி எடுத்தாரே, அதற்குத்தான் பெரிய நன்றி. கறுப்புக் கண் உள்ளது குன்றிமணி, கொடிய நஞ்சு. முழுச் சிவப்பாக இருப்பது மஞ்சாடி. அரளி, எருக்கு இலைகளையும் பிள்ளைகள் கையில் தரக்கூடாது.

புளியங்கொட்டையைப் பதித்தபடியே காயவைத்தால் சுற்றிலும் விரிசல் விடும். மாவு சுருங்கும், கொட்டை சுருங்காது. அதனால் அழுத்தி எடுத்துப் பள்ளம் மட்டும் விட்டு, காய்ந்தபின் பசையால் ஒட்டினோம்.

நிறத்துக்கு மஞ்சள்தூளும் சலித்த செம்மண்ணும் போதும். பீட்ரூட் சாறு சூட்டில் பழுப்பாகிவிடுகிறது. மஞ்சளும் வெயிலில் வெளுக்கும் என்பதால் மஞ்சள் கலந்ததை நிழலில் மாட்டுங்கள்.

மொட்டைமாடியைத் திறந்துவிட்டு, முதல் நாள் நிழலிலும் பிறகு வெயிலிலும் வைத்துக் காலை மாலை திருப்பிப் போட்ட மாடிவீட்டு அம்மாவுக்கும், கனமான உருப்படிகளுக்கு ரொட்டி சுட்டு முடித்துச் சூடு தணிந்துவரும் அடுப்பைக் கொடுத்த பேக்கரி அண்ணனுக்கும் நன்றி. சூடு 100 டிகிரிக்கு மேல் போனால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி மாவு உப்பிவிடும்.

பெற்றோருக்கு: உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். முன்னும் பின்னும் வார்னிஷ் பூசியிருந்தாலும் குளியலறைப் பக்கம் மாட்ட வேண்டாம். நாய் கடிக்கும் உயரத்திலும் வைக்காதீர்கள். அவ்வளவு உப்பு அதற்கு ஆபத்து. மழைக்காலத்தில் நெகிழ்ந்தால் இரண்டு நாள் வெயிலில் வைத்து, மறுபடி ஒரு பூச்சு கொடுங்கள்.

இப்படிக்கு,
கோடைக் கைவேலைக் குழுவினர்