ட்ரஸ் ராடில் பற்றவைப்பு விட்டுப்போனது குறித்த புகார்

அனுப்புநர்
தச்சுத் தொழிலாளி, பாளையங்கோட்டை

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
கிட்டார் உதிரிபாக விற்பனை நிறுவனம்

பொருள்: 460 மி.மீ. இருவழி ட்ரஸ் ராடு பழுதானது. பணமும் இழப்பீடும் கோருதல்.

ஐயா / அம்மா,

நான் 22 வருடமாகக் கதவு, நிலை, கட்டில் செய்து பிழைப்பவன். என் மகள் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறாள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என் கையால் செய்த எலக்ட்ரிக் கிட்டாரைக் கொடுப்பதாக அவளிடம் சொல்லியிருந்தேன். அதற்காக ஆகஸ்ட் முதல் வாரத்தில் உங்கள் இணையக் கடையில் ட்ரஸ் ராடு வாங்கினேன். கிட்டாரின் நெக்குக்குள் (கழுத்துக்குள்) புதைத்து, அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்பு அது. விலை ரூ. 1,150.

ஒருவழி ராடு பாதி விலைக்கே கிடைத்தது. அது வேண்டாமென்று யோசித்துத்தான் இருவழி ராடை எடுத்தேன். ஒருவழி ராடுக்கு, அது உட்காரும் காடியை (பள்ளத்தை) வளைவாக எடுக்க வேண்டும். கிட்டார் கம்பிகள் இழுக்கும் பக்கத்துக்கு எதிராக மட்டுமே அது நெக்கை வளைக்கும். எங்கள் ஊரில் பங்குனி வெயிலில் மரம் ஒரு விதமாக நிற்கும், ஐப்பசி மழையில் வேறு விதமாக நிற்கும். நெக் பின்பக்கம் வளைந்துவிட்டால் அதைத் திருப்பிக் கொண்டுவர இருவழி ராடுதான் வேண்டும். நேர்க்காடி போதும் என்பதால் ரவுட்டர் (காடி எடுக்கும் மின்கருவி) வேலையும் சுலபம்.

பார்சல் வந்ததும் முதலில் கண்ணில் பட்டது அளவு. அகலம் 6, ஆழம் 9 மி.மீ. என்று உங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். ராடின் நடுப்பகுதி அப்படித்தான் இருந்தது. ஆனால் இரண்டு முனையிலும் உள்ள பித்தளைக் கட்டை 10.5 மி.மீ. உயரம். இது சின்ன விஷயம் இல்லை. தலைப் பக்கம் கம்பிகள் ஏறி நிற்கும் சிறு கட்டைக்கு (அதற்கும் நட் என்றுதான் பெயர்) அருகில் என் நெக்கின் மொத்தக் கனம் 21 மி.மீ.; அதில் ஃபிரெட்போர்டு (நெக்கின் மேல் ஒட்டும், விரல் வைக்கும் பலகை) 6 போக மரம் 15. காடி 9 என்றால் அடியில் 6 மி.மீ. மரம் நிற்கும். 10.5 என்றால் நாலரைதான். நெக்கில் முறிவு வருவதே பெரும்பாலும் அந்த இடத்தைச் சுற்றித்தான். சரி, பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்று முனைகளில் மட்டும் உளியால் ஆழப்படுத்தினேன். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

கூடவே வந்த துண்டுச் சீட்டில் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. உங்கள் எண்ணுக்குப் போன் செய்தேன். "எப்படி வைத்தாலும் ஒன்றுதான்" என்றார் பேசியவர். ஒன்றில்லை. ராடின் இரண்டு கம்பிகளில் மரையுள்ளது அடியிலும் பட்டைக்கம்பி ஃபிரெட்போர்டை ஒட்டியும் இருந்தால்தான், ராடு முனையில் உள்ள நட்டை வலப்புறம் முறுக்கும்போது நெக் கிட்டார் கம்பிகளின் இழுப்புக்கு எதிராகப் பின்னால் வளையும். தலைகீழாக வைத்தால் அதே முறுக்கு வளைவை இன்னும் கூட்டும். நாளைக்கு வேறொருவர் கையில் அந்தக் கிட்டார் போனால், வலப்புறம் முறுக்கியும் சரியாகவில்லையே என்று அவர் மேலும் மேலும் முறுக்கிக்கொண்டே போவார்.

நான் பட்டையை மேலே வைத்தேன். அதற்கு முன் ராடைக் கையில் வைத்து இரு பக்கமும் கால் சுற்று முறுக்கிப் பார்த்தேன், வளைந்தது. பசை மரையில் இறங்காமல் இருக்க ராடின் மேல் மெல்லிய டேப் ஒட்டினேன். செப்டம்பரில் ஃபிரெட்போர்டை ஒட்டி, நெக்கை இழைத்து, ஃபிரெட் (பலகையில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) அடித்து, பாலிஷ் போட்டு முடிக்கும்போது நவம்பர் பாதி ஆகிவிட்டது. அப்போதுதான் முதல் முறையாகக் கம்பி கட்ட முடிந்தது.

10-46 செட் கம்பி (எண்கள் கம்பிகளின் தடிமன்), 648 மி.மீ. ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). ஸ்ருதி சேர்த்தால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 45 கிலோ இழுக்கும். முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அழுத்திக்கொண்டு ஏழாவதில் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன்: 0.9 மி.மீ. இருக்க வேண்டியது 0.2, 0.3. கால் சுற்று முறுக்கி ஒரு நாள் விட்டேன், 0.7 ஆனது. மறுநாள் இன்னொரு கால் சுற்று, 0.5. மூன்றாவது நாள் அலென் கீயைத் திருப்பத் தொடங்கியதும் நெக்குக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் நட்டு விரலாலேயே சுற்றியது. இடைவெளி ஒரு மி.மீ.க்கு மேல் போய்விட்டது.

ஒட்டிய ஃபிரெட்போர்டைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, மெல்லிய தகட்டை விட்டு அங்குலம் அங்குலமாக நெம்பினேன். ஒன்பதாவது ஃபிரெட் காடியில் பலகை இரண்டாக உடைந்தது. அது கடையில் வாங்கிய பலகை இல்லை. என் தாத்தாவின் கட்டிலில் இருந்து எடுத்த வைரம் பாய்ந்த ஈட்டி மரம்.

உள்ளே பார்த்தால் தலைப் பக்கத்துப் பித்தளைக் கட்டை பட்டைக்கம்பியிலிருந்து தனியாக வந்து கிடந்தது. நாலு பக்கமும் ஓடியிருக்க வேண்டிய பற்றவைப்பு ஒரு மூலையில் மட்டும் கடுகளவு பிடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் இரும்பு நிறம் மாறாமல் பளபளவென்று இருக்கிறது. அங்கே உலோகம் உருகிச் சேரவே இல்லை. படங்கள் இணைத்துள்ளேன்.

இதற்கு உங்கள் பதில், திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது, பொருத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, அதிகமாக முறுக்கியிருப்பீர்கள் என்பது. அரைச் சுற்றைத் தாண்டத் தொடங்கியதுமே விட்டுப்போன ராடு அது. ட்ரஸ் ராடு மரத்துக்குள் புதைந்த பிறகு, கம்பி கட்டும்போதுதான் தன் வேலையைத் தொடங்குகிறது. எந்த நெக் ஏழு நாளில் அந்தக் கட்டத்துக்கு வரும்? கிப்சன் நிறுவனத்துக்காக தாடியஸ் மெக்யூ இதற்குக் காப்புரிமை வாங்கியது 1923இல். 100 வருடத்துக்கு மேல் பழகிய பொருள் இது. வாங்குபவர் பிறகு தொட முடியாத பொருளை, விற்பவர் பளு கொடுத்துச் சோதித்துத்தான் அனுப்ப வேண்டும்.

ஆகவே ராடின் விலை ரூ. 1,150, உடைந்த ஃபிரெட்போர்டு, ஃபிரெட் கம்பி, கம்பி செட் ஆகியவற்றுக்கு ரூ. 3,400, ஆக மொத்தம் ரூ. 4,550 தர வேண்டும். அதே சரக்கில் மிச்சம் இருப்பதை விற்பனையிலிருந்து எடுத்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்களில் பலர் இன்னும் ஒட்டாமல் வைத்திருக்கலாம். முனைக் கட்டையின் உண்மையான அளவையும் எந்தப் பக்கம் மேலே என்பதையும் சீட்டில் தமிழிலும் அச்சிடுங்கள்.

2020ஆம் வருட மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டியது உங்கள் பொறுப்பு. 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பயன்படுத்தும் முறையைச் சரியாகச் சொல்லாததும் குறைதான். பதில் வராவிட்டால் 1915 உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உடைந்த ராடும் பலகையும் பட்டறையில் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் ஆள் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ராடின் படங்கள் 4, உங்கள் மின்னஞ்சல் பதில்.