வலித்தால் வாய் திறந்து சொல், பாப்பா

அன்புள்ள பாப்பா,

வலிக்கும். "எடை குறைக்கிற ஆபரேஷன் வலிக்குமா அம்மா" என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு அதுதான் பதில், மழுப்ப எனக்கு மனசு வரவில்லை. ஆபரேஷன் வார்டில் காலம் பூராவும் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, பெற்ற பெண்ணிடம் "ஒண்ணுமே தெரியாது, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சொன்னால், முதல் நாள் ராத்திரியே நீ என் பேச்சை நம்புவதை விட்டுவிடுவாய். எங்கே வலிக்கும், எத்தனை நாள் வலிக்கும், எதைக் கண்டு பயப்பட வேண்டாம், எது வந்தால் உடனே ஓட வேண்டும் என்பதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், எனக்கும் தொண்டை அடைக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

வயிற்றைக் கிழித்துவிடுவார்கள் என்ற படம் உன் மனதில் இருக்கிறது, முதலில் அதை எடுத்துப் போடு. ஸ்லீவ் ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியில்தான் நடக்கும், வயிற்றில் நாலைந்து சின்னத் துளைகள், அவ்வளவுதான். உள்ளே கருவியை விட்டு இரைப்பையில் முக்கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகமாக வெட்டி எடுத்து, மீதியை ஒரு குழாய் அளவுக்கு ஸ்டேப்ளர் போட்டு மூடுவார்கள். வெட்டிய துண்டை ஒரு துளை வழியாக வெளியே எடுக்க வேண்டும், அந்தத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள், அதனால் மற்ற துளைகளைவிட அந்த ஒன்றுதான் கூடுதலாக வலிக்கும். ஒரே பக்கம் இழுத்துப் பிடிக்கிறதே என்று நீ பதறிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது தோள்பட்டை வலி. வயிற்றில்தானே ஆபரேஷன், தோள் ஏன் வலிக்கிறது என்று பாதிப் பேர் இதற்குத்தான் மிரண்டு போவார்கள். உள்ளே இடம் கிடைப்பதற்காக வயிற்றைக் கார்பன் டை ஆக்சைடு அடைத்து ஊத வைப்பார்கள். முடிந்ததும் வெளியே விட்டுவிடுவார்கள், ஆனாலும் கொஞ்சம் தங்கிவிடும். அது மேலே ஏறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்துக்கு வரும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது, தோள்பட்டைக்குப் போகும் நரம்பும் அதே இடத்திலிருந்துதான் வருகிறது, அதனால் வயிற்றுக்குள் இருக்கும் உறுத்தலை மூளை தோள் வலியாக எடுத்துக்கொள்கிறது. அந்த காஸை உடம்பே மெல்ல உறிஞ்சி, மூச்சு வழியாக வெளியே அனுப்பிவிடும். ரெண்டு மூன்று நாளில் தானாகக் குறையும், எழுந்து நடந்தால் இன்னும் சீக்கிரம் குறையும்.

தொண்டை வறண்டு எரியும், அது மயக்க மருந்து கொடுக்கும்போது போடும் டியூபால். குமட்டல் வரும், ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். எனக்குத் தெரிந்து முதல் ராத்திரி நிறைய பேருக்கு வலியைவிடக் குமட்டல்தான் தொல்லை. அதற்கு ஊசி இருக்கிறது, கேட்டால் போடுவார்கள்.

கேட்டால். நான் பயப்படுவதே இந்த இடத்தில்தான்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பத்தாவது பரீட்சை சமயத்தில் குடல்வால் வலியை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாயே. கணக்குப் பரீட்சை முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிட்டு வந்து வாசல்படியில் சுருண்டு உட்கார்ந்தாய். உன் ஆச்சி அதைப் பார்த்துவிட்டு "என் பேத்தி எவ்வளவு பொறுமைக்காரி" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ ஈரல்குலை நடுங்கிப் போயிற்று. நம் வீடுகளில் பெண்பிள்ளை வலியைப் பொறுத்துக்கொண்டால் அதற்கு ஒரு பாராட்டு கிடைக்கிறது, அந்தப் பாராட்டு எத்தனை பேரைக் கெடுத்திருக்கிறது என்பதை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். கண்ணில் நீர் வழியும், கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கும், கேட்டால் "பரவாயில்லை சிஸ்டர்" என்பார்கள்.

பாப்பா, ஆபரேஷனுக்குப் பிறகு வலியைப் பொறுத்துக்கொள்வதில் ஒரு பெருமையும் இல்லை, அதில் கெடுதல்தான் இருக்கிறது. வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்க மாட்டாய், இருமத் தயங்குவாய், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி கட்டும், அப்புறம் காய்ச்சல் வரும். வலி இருந்தால் எழுந்து நடக்க மாட்டாய், நடக்காவிட்டால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஆக வலி மருந்து சொகுசுக்கு இல்லை, அதுவும் சிகிச்சைதான். நர்ஸ் வந்து "பத்துக்கு எவ்வளவு வலி" என்று கேட்டால் ஏழு என்றால் ஏழு என்றே சொல். அவர்களைத் தொந்தரவு செய்கிறோமே என்று நாலு ஆக்காதே. வலி உச்சத்துக்குப் போன பிறகு அடக்குவது கஷ்டம், மூன்று நாலில் இருக்கும்போதே கேட்டால் சின்ன மருந்திலேயே அடங்கும். பாரசிட்டமால் ட்ரிப்பில் போடுவார்கள், துளை போட்ட இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டிருப்பார்கள், தேவைப்பட்டால் அதற்கு மேலேயும் மருந்து இருக்கிறது. ரெண்டு மூன்று நாள் போட்டால் அடிமையாகிவிடுவோமோ என்று மாப்பிள்ளை கேட்டாராம். டாக்டர் சொல்லும் அளவில், அந்த நாலு நாளுக்கு, அப்படி ஒன்றும் ஆகாது.

இன்னொன்று, மாதாமாதம் வயிற்று வலிக்கு நீ போடுகிறாயே மெஃப்டால், அதை இனி நீயாக எடுத்துப் போடாதே. புரூஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் அதே வகைதான், சுருங்கிய இரைப்பையில் புண் உண்டாக்கும். பல் வலி என்று வேறு டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக உனக்கு ஸ்லீவ் ஆனதைச் சொல்லிவிடு.

முதல் தடவை எழுந்திருப்பது எப்படி என்று சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பத்து நிமிஷம்தான் நிஜமாகப் பயமாக இருக்கும். அன்று சாயங்காலமே எழுப்பிவிடுவார்கள், மறுத்துவிடாதே. படுத்தபடியே நேராக நிமிர முயற்சி செய்தால் வயிற்றுச் சதை இழுத்து உயிர் போகும். முதலில் முழங்காலை மடக்கு. ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள். அப்படியே தோளும் இடுப்பும் ஒன்றாக வருகிற மாதிரி பக்கவாட்டில் புரளு. காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி, கையின் பலத்தில் எழு, வயிற்றுக்கு வேலை கொடுக்காதே. உட்கார்ந்ததும் உடனே நிற்காதே. தலை சுற்றும், காது அடைத்துக்கொள்ளும், பரவாயில்லை, கால் விரல்களை ஆட்டிக்கொண்டு ரெண்டு நிமிஷம் உட்காரு. பிறகு நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டு நில். குனிந்து நிற்கத்தான் தோன்றும், முடிந்த அளவு நிமிரு. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை நடந்தால் முதல் நடைக்கு அது போதும். இருமல் வந்தாலும் அதே தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமு, தையல் பிரிந்துவிடாது. மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுப்பார்கள், அதை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், நிறைய பேர் ஊதிக்கொண்டே இருப்பார்கள். இப்போதே ஒன்று வாங்கி வீட்டில் பழகு.

சரி, நீ வாய்விட்டுச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு இளைஞர் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போய் இறந்துபோனார், அந்தச் செய்தியை நீ இன்னும் போனில் வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார். அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களை நினைத்தால் எனக்கும் வயிறு கலங்குகிறது. விசாரணை நடத்தி அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தை நிறுத்தி வைத்தது அரசு. அதைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்க முழித்திருப்பதைவிட, அதை வைத்துக் கேள்வி கேள். உன் ஆஸ்பத்திரியில் ஐசியு அதே கட்டிடத்தில் இருக்கிறதா? ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவது ஆனால் ஆபரேஷன் செய்த டாக்டர் வருவாரா, வேறு யார் பார்ப்பார்? மயக்க மருந்து கொடுப்பவர் பெரிய உடம்புக்காரர்களுக்குக் கொடுத்துப் பழகியவரா? நீ குறட்டை விடுவதையும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதையும் அவரிடம் மறைக்காமல் சொல். மூச்சு நிற்காமல் இருக்க ராத்திரி போட்டுக்கொள்ளும் அந்தச் சிபாப் மெஷினையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போ. இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்கிற டாக்டராக இருந்தால் அவர் நமக்கு வேண்டாம், தேதியைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை.

இந்த ஆபரேஷனில் எல்லோரும் கவனமாக இருப்பது, உள்ளே இரைப்பையை ஸ்டேப்ளர் போட்டு மூடிய இடம் கசிந்துவிடக் கூடாதே என்றுதான். நூறில் ஒருவர் என்ற அளவில் வரக்கூடியது, ஆனால் வந்தால் பெரிய விஷயம், வீட்டுக்கு வந்த பிறகும் வரலாம். எப்படித் தெரியும் என்று கேட்டாயே. ஆபரேஷன் வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். இறங்கிய வலி திரும்ப ஏறினால், சும்மா படுத்திருக்கும்போதே நாடி 120க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தால், 100.4க்கு மேல் காய்ச்சல் அடித்தால், மூச்சு வாங்கினால், காஸ் வலி போன பிறகு இடது தோள் புதிதாக வலித்தால், மாப்பிள்ளை உன்னைக் கேட்காமலே வண்டியை எடுக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்தாலும் அப்படித்தான். குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தி தொடர்ந்தாலும் அப்படித்தான். "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சே அந்த வாரங்களில் நம் வீட்டில் இருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு வலி பெரிதாக இருக்காது, அசதிதான் ஆளைத் தள்ளும். மத்தியானம் மூன்று மணிக்கே கண் இருட்டிக்கொண்டு வரும், படுத்துக்கொள். முதல் ரெண்டு வாரம் திரவ உணவுதான். முப்பது மில்லி மருந்துக் கப்பில் ஊற்றி, வாய் வாயாகக் குடிக்க வேண்டும், மடக்கென்று குடித்தால் நெஞ்சுக்குள் அடைத்துப் பிடிக்கும். நாள் பூராவும் அந்தக் கப்பும் கையுமாகத்தான் இருப்பாய், நாக்கு வறளாமல் இருந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். தெளிந்த சூப், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், அவர்கள் எழுதிக்கொடுக்கும் புரதப் பவுடர், அப்புறம் மசித்தது, அதற்கப்புறம் மெத்தென்ற முட்டையும் மீனும். முள் எடுத்து மசித்துத் தருவது என் வேலை. சாப்பாடும் தண்ணீரும் சேர்த்து எடுக்காதே, அரை மணி நேரம் இடைவெளி விடு. பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க விடக் கூடாது, இதில் மட்டும் நான் பிடிவாதக்காரி.

இன்னொரு விஷயத்தை டிஸ்சார்ஜ் ஷீட்டில் எழுதித் தர மாட்டார்கள். ஒரு நாள் அழுகை வரும். ஏன் இதைச் செய்துகொண்டேன், நன்றாகத்தானே இருந்தேன், வீட்டில் எல்லோரும் தோசை சாப்பிடும்போது நான் மட்டும் கப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே என்று வெறுத்துப்போகும். முதல் சில வாரங்களில் நிறைய பேருக்கு வருவதுதான். கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் சேர்ந்திருந்த ஹார்மோன்களும் ரத்தத்தில் கலக்கும், பசியும் தூக்கமும் மாறியிருக்கும், மனசு நிலையில் இருக்காது. மூன்றாம் நாலாம் மாதம் முடி வேறு கொத்தாகக் கொட்டும், திரும்ப முளைக்கும். வாரங்கள் போயும் மனசு தெளியாவிட்டால் டாக்டரிடம் சொல். வயிற்று வலியைச் சொல்வது மாதிரியே இதையும் சொல்.

அத்தை வந்து "வாயைக் கட்டினால் போதாதா, இதுக்கு ஆபரேஷன் எதற்கு" என்றாராம். நீ வாயைக் கட்டியதை நான் பார்த்தவள். பட்டினி கிடந்து குறைத்தாய், திரும்ப ஏறிற்று. எடை இறங்க இறங்க, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை உடம்பு கூட்டிவிடும், அதோடு எத்தனை வருஷம் ஒருத்தி மல்லுக்கட்ட முடியும்? அந்த ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கிற இரைப்பையின் மேல்பகுதியைத்தான் ஸ்லீவில் எடுக்கிறார்கள். சர்க்கரையும் முட்டிவலியும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் உள்ளவள் நீ, வைத்தியம் செய்துகொள்கிறாய். யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் உனக்கு இல்லை.

திங்கள்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்புகிறேன், செவ்வாய் காலை எழும்பூர் வந்துவிடுவேன், மாப்பிள்ளை ஆபீஸ் போகட்டும், நான் ஆட்டோவில் வந்துகொள்கிறேன். புதன்கிழமை மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கப் போகும்போது நானும் கூட வருகிறேன். மேலே சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதி வை, உனக்குத் தோன்றும் கேள்விகளையும் சேர்த்துக்கொள். முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டி ரெண்டு எடுத்து வை, இடுப்பில் இறுக்கும் துணி எதுவும் வேண்டாம். குட்டிப்பயலை ஒரு மாதத்துக்கு மேலேயே நீ தூக்கக் கூடாது, "அம்மா வயித்துல புண்ணு, ஆச்சிதான் தூக்குவா" என்று இப்போதிருந்தே அவனிடம் சொல்லிப் பழக்கு. ஆபரேஷனுக்கு முன்னால் ரெண்டு வாரம் இருக்கச் சொன்ன டயட்டையும் விடாதே, கல்லீரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே இடம் கிடைக்கும்.

ராத்திரி பயம் வந்தால் மணி பார்க்காதே, கூப்பிடு. எனக்குத்தான் நைட் டூட்டி பழக்கமாயிற்றே, முழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா