நினைவு நாளுக்கு 200 பை வேண்டாம், ஆண்டு முழுக்க 12 பேர் வேண்டும்

மதுரை மாவட்டக் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும், இளைஞர் செஞ்சிலுவைச் சங்க மாணவர்களுக்கும், மறைந்த தம்பியின் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

மாட்டுத்தாவணிப் பக்கம் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்த 26 வயதுத் தம்பியின் முதலாண்டு நினைவாக, பிப்ரவரி நடுவில் ஒரே நாளில் 200 பேரைத் திரட்டி ரத்ததான முகாம் நடத்தப் போகிறீர்கள் என்று அறிந்தோம். தலசீமியா மேஜர் என்ற, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை ரத்த நோயோடு பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதிருந்தே ரத்தம் ஏற்றி வளர்ந்த பிள்ளை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை காலையில் போய்ப் படுத்து இரண்டு பை ஏற்றிக்கொண்டு, மறுநாள் கடையைத் திறந்துவிடுவார். அவருக்காக ரத்தம் கொடுக்க இத்தனை பேர் முன்வருவது எங்களுக்குப் பெரிய ஆறுதல். முகாமை நடத்தும் விதத்தை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்கிறோம்.

பிரித்தெடுத்த சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி குளிரில் அதிகபட்சம் 42 நாள் தாங்கும். தலசீமியாக்காரர்களுக்கு அதிலும் இரண்டு வாரத்துக்கு உட்பட்ட பைதான் நல்லது. பழைய பையில் உயிருள்ள அணுக்கள் குறைவு, சீக்கிரமே மறுபடி ஏற்ற வேண்டி வரும். பிப்ரவரி நடுவில் எடுத்தது மார்ச் கடைசியில் காலாவதி ஆகிவிடும். கொடுத்த ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். அதாவது மே நடுப்பகுதி வரை அந்த 200 பேரில் ஒருவரையும் கூப்பிட முடியாது. இடையில் வருவதுதான் ஏப்ரல், மே: கல்லூரியில் தேர்வு, பிறகு விடுமுறை, ஊரெல்லாம் சித்திரைத் திருவிழா. ரத்த வங்கி ஆண்டிலேயே அதிகம் வறண்டு கிடக்கும் காலம் அது.

அந்தத் தம்பி ஒரு நீளமான கணக்கு நோட்டு வைத்திருந்தார். தேதி, ஏற்றும் முன் ஹீமோகுளோபின், பையின் எண், எத்தனை மில்லி, உடல் எடை, ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பைக் காட்டும் அளவு) என்று கட்டம் கட்டி, சால்டரிங் பழகிய கையின் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார். ஹீமோகுளோபின் 9.5க்குக் கீழே இறங்கிய நாட்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார். அந்த வட்டங்கள் சித்திரை, வைகாசியில்தான் கூடிக் கிடக்கின்றன.

ஆகவே இப்படிச் செய்யலாம். மூன்று வாரத்துக்கு இரண்டு பை என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 35 பை. ஒரு ஆண் ஆண்டுக்கு மூன்று முறை தயங்காமல் கொடுக்கலாம். அதே ரத்த வகைக்காரர்கள் 12 பேர் சேர்ந்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டைத் தாங்கிவிடலாம். திரும்பத் திரும்ப அதே 12 பேர் கொடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. புதுப்புது ஆட்களின் ரத்தம் ஏற ஏற, உடல் அதற்கு எதிர்ப்பொருட்களை (ஆன்டிபாடி) உண்டாக்கிக்கொள்ளலாம். பிறகு பொருந்தும் பை கிடைப்பதே பாடாகிவிடும். ஏபிஓ, ஆர்எச் டி என்ற வழக்கமான ரத்த வகையை மட்டும் பார்த்தால் போதாது, சிவப்பணுவின் மற்ற வகைக் கூறுகளான சி, ஈ, கெல் வரை பொருத்திப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களை இந்தப் பன்னிரண்டில் சேர்க்காதீர்கள். பின்னாளில் அவர்களிடமிருந்து எலும்பு மஜ்ஜை எடுக்க நேர்ந்தால், முன்பு ஏற்றிய ரத்தமே தடையாகலாம்.

மேடையில் பேசுகிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி இறந்தது ரத்தம் கிடைக்காமல் அல்ல, இதயத்தில் இரும்பு படிந்து. ஏற்றும் ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம். மீதி ஈரலிலும் கணையத்திலும் இதயத்திலும் படியும். டெஃபராசிராக்ஸ் போன்ற இரும்பு நீக்கும் மருந்தை நாள் தவறாமல் எடுக்க வேண்டும். குழந்தைகள் வார்டை விட்டுப் பெரியவர்கள் வார்டுக்கு மாறும் வயதில்தான் அது நழுவுகிறது: விரட்டிக் கேட்ட பழைய நர்ஸ் இல்லை, வேலை நேரம் ஒத்துவரவில்லை, மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது. விட்டால் மறுநாளே ஒன்றும் தெரியாது என்பதுதான் ஆபத்து. எக்கோ என்ற இதய அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் கடைசிக் கட்டம் வரை இதயம் நன்றாக இருப்பதாகவே தெரியும். இதயத்து இரும்பைக் காட்டுவது டி2 ஸ்டார் எம்.ஆர்.ஐ. அதில் 20 மில்லி செகண்டுக்குக் குறைந்தால் இரும்பு படிந்திருக்கிறது, 10க்குக் கீழே போனால் உடனே சிகிச்சையைத் தீவிரமாக்க வேண்டும். சரியாகக் கவனித்தால் இதயத்து இரும்பையும் கரைக்கலாம். நினைவு நிதி என்று ஏதாவது சேர்ந்தால், வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த ஸ்கேன் எடுக்கக் கொடுங்கள். ஃபிளெக்ஸ் போர்டு வேண்டாம்.

முகாமிலேயே ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யலாம். தனியாக ஒரு சிறு குழாய் ரத்தம் போதும். அந்த அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தலசீமியா கடத்தி, அதாவது அந்த மரபணுவைச் சுமப்பவர். கடத்தி நோயாளி அல்ல, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் அவரும் ரத்தம் கொடுக்கலாம். கடத்திகள் இருவர் மணந்தால்தான் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குத் தலசீமியா மேஜர் வர நாலில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்தில் கட்டும் நம் பக்கத்தில் இதைக் கல்யாணத்துக்கு முன்பே பார்ப்பது மிக அவசியம். முடிவை மட்டும் தயவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், மைக்கில் வாசிக்காதீர்கள். தனித்தனியாக, மூடிய உறையில் கொடுங்கள். ஒரு பெண்ணின் சம்பந்தம் தட்டிப்போக அந்த ஒரு தாள் போதும். அதே காரணத்துக்காக, அந்தத் தம்பியின் படத்தையும் நோயின் பெயரையும் அச்சடிக்கும் முன் அவர் அம்மாவிடம் கேளுங்கள். வீட்டில் தங்கை இருக்கிறாள்.

கொடுக்க வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். வெறும் வயிற்றோடு வந்து மயங்கி விழுந்தவர் மறுமுறை வரமாட்டார். கொடுத்த பிறகு கால் மணி நேரமாவது உட்கார வையுங்கள். எடை 45 கிலோவுக்குக் குறைந்தவர்களையும், 12 மாதத்துக்குள் பச்சை குத்தியவர்களையும் பெயர் எழுதும்போதே விலக்கிவிடுங்கள்.

பிப்ரவரியில் 24 பேர் போதும். மார்ச் கடைசி, ஏப்ரல் நடு, மே முதல் வாரம் என்று மற்றவர்களைப் பிரித்துப் பட்டியல் போடுங்கள். விடுதி மாணவர்களை மார்ச்சிலும், மதுரையிலேயே வீடு உள்ளவர்களைத் திருவிழா வாரங்களிலும் வையுங்கள். பட்டியலில் ரத்த வகையைக் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்து எழுத வேண்டாம். அதில் தப்பு நிறைய இருக்கிறது. ரத்த வங்கியில் சோதித்த பிறகு நிரப்புங்கள்.

இப்படிக்கு,
தலசீமியா பிள்ளைகளின் பெற்றோரும் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்களும்,
மதுரை