மே கடைசியில் வந்து எண்ணுங்கள்: குவாரி பார்க்க வரும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கல் எடுத்து முடித்த குவாரிகளில் பசுமை திரும்பியதா என்று பார்வையிட வரும் அலுவலர்களுக்கு வணக்கம்.

வேலூருக்கும் அணைக்கட்டுக்கும் நடுவே சின்னதாக ஒரு நர்சரி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் குவாரி ஒன்றில் ஒரு பகுதியை மூடி, அங்கே நட 600 கன்று கேட்டார்கள். புங்கன், வேம்பு, கொஞ்சம் நாவல் கொடுத்தேன். அடுத்த வருடம் அதே இடத்துக்கு இன்னொரு 600. அதற்கும் அடுத்த வருடம் மறுபடி. கன்று செத்தால் எனக்கு வியாபாரம்தான், பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மூன்றாம் முறை லோடு ஏற்றும்போது மனசு கேட்கவில்லை. வண்டியோடு நானும் போனேன்.

பட்டுப்போன ஒரு வேம்பைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேர் முழுக்கப் பாக்கெட் வடிவத்திலேயே, முறுக்குப் பிழிந்த மாதிரி சுற்றிக் கிடந்தது. ஒரு விரல்கூட வெளியே போகவில்லை. எப்படிப் போகும்? குழியில் போட்டிருந்தது மண்ணே இல்லை, கல் உடைக்கும் கிரஷரில் விழுகிற தூள். ஒரு மழை பெய்து காய்ந்தால் அது சிமெண்டுத் தரை மாதிரி இறுகிவிடும். கடப்பாறையைப் போட்டால் டங்கென்று சத்தம் வந்தது. குவாரி தொடங்கும்போதே மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, மூடும்போது பரப்பியிருக்க வேண்டும். புல் விதையும் நுண்ணுயிரும் அந்த மண்ணில்தான் இருக்கும். அது எந்த வீட்டு மனைக்குப் போனதோ.

காகிதத்தில் மட்டும் குறையே இருக்காது. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியவர்கள் ஒவ்வொரு வருடமும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய இரண்டு தேதிகளில் அறிக்கை தர வேண்டும். டிசம்பரில் நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழை பெய்து முடிந்த கையோடு ஜல்லிக் குவியல்கூடப் பச்சையாகத்தான் தெரியும். பார்த்தீனியக் களையும் படத்தில் அழகாகவே விழும். நட்ட கணக்கு என் பில் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்காக நீங்கள் ஜீப்பில் வர வேண்டியதில்லை. கத்திரி வெயிலைத் தாண்டி நிற்பது எத்தனை? அதை மே கடைசியில் வந்து எண்ணினால், ஜூன் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செயற்கைக்கோளில் பார்த்துக்கொள்கிறோம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல கருவிதான். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசம், ஐந்து நாளைக்கு ஒரு முறை கிடைக்கும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தை வைத்துப் பசுமையை அளக்கிறார்கள். ஆனால் அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது பத்துக்குப் பத்து மீட்டர். அதற்குள் நிற்பது புங்கனா, சீமைக் கருவேலமா என்று அந்தப் பச்சைக் கணக்கு சொல்லாது. சீமைக் கருவேலமோ ஆழமாக வேர்விட்டு மே மாதத்திலும் பச்சையாக நிற்கும் ஜாதி. நூற்றுக்கு நூறு வாங்கிவிடும்.

2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு விஷயம் சொன்னது. சுரங்கம் தோண்டி முடித்தவர் அந்த நிலத்தில் மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் வளரத் தகுந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; இதைக் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கவனியுங்கள், அங்கே முதலில் வருவது மரம் இல்லை, புல். எங்கள் அப்பா ஆடு மேய்த்தவர். இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார், இதுக்கு ஜட்ஜு வேறயா என்று.

அதனால் நட்ட கன்றோடு நிறுத்தாமல், தானாக வந்ததையும் எழுதுங்கள். போன வருடம் நானும் என் மகளும் அங்கே நான்கு ஆணியடித்துக் கயிறு கட்டி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டோம். உள்ளே கொழுஞ்சி ஏழு, ஆவாரை ஒன்று, ஓரத்தில் அருகம்புல். அந்த ஏழு கொழுஞ்சியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் என் 600 கன்றைப் பார்த்து வந்ததில்லை. கொழுஞ்சி காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கிற செடி, நம் ஆட்கள் வயலில் மடக்கி உழுவார்கள். அது காலூன்றினால் பின்னாலேயே மற்றதும் வரும். பத்து சதுரம் போட்டு, பாறையில் பெயிண்ட் அடித்து, ஐந்து வருடம் அதே இடத்தில், அதே மாதத்தில் எண்ணினால் போதும். படமும் அதே பாறையில் நின்று எடுக்க வேண்டும், இடம் மாறினால் கதை மாறிவிடும். எண்ணியதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் படியுங்கள். தப்பாக இருந்தால் ஆடு மேய்க்கிறவர்களே எழுந்து சொல்வார்கள்.

வரும்போது காலை ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், அப்புறம் பாறையில் கால் வைக்க முடியாது. ஆணியும் கயிறும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கன்று விற்றவன்