வெட்டியதும் மாற்றியதும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாறனுக்கு,

நலம். உன் நலத்தையும் வீட்டிலுள்ளோர் நலத்தையும் உன் கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன். அந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலை மூன்று படங்களாக எடுத்த இயக்குநர் பீட்டர் ஜாக்சனுக்கான வக்காலத்தாகவே இருந்ததைப் படித்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்லூரிக் காலத்தில் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் அந்த நாவலின் முதல் பாகத்தை என் கையில் திணித்து, இதைப் படிக்கும் வரை என்னோடு பேச வராதே என்று மிரட்டியவன் நீதான். அதே நீ இப்போது, படம் வேறு, புத்தகம் வேறு, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே அறியாமை என்று தீர்ப்பு எழுதியிருக்கிறாய். இந்தத் தீர்ப்பை எதிர்த்து முறையீடு செய்யத்தான் இந்தக் கடிதம்.

இரண்டும் வேறு வேறு என்றால், பெயர் மட்டும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டும்? புத்தகத்தின் பெயரைச் சொல்லித்தான் மக்களைத் திரையரங்குக்கு அழைத்தார்கள். வந்து அமர்ந்தவன் அந்தப் பெயருக்குரியதைத் தேடினால் அவனைக் குறை சொல்வது நியாயமில்லை. உன் கட்சிக்குச் சாட்சியாக நீ கம்பனைக் கூப்பிட்டிருக்கிறாய். நல்ல சாட்சி. ஆனால் குறுக்கு விசாரணையில் அவர் என் பக்கம் சாய்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பன் அதை ஏற்காமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துக்கொண்டு போகச் செய்தான். நிகழ்ச்சி மாறியது, ஆனால் மாற்றியதற்கான காரணம் சீதை என்ற பாத்திரத்துக்குள்ளேயே இருந்தது. திரைப்படங்களைப் பார்க்கும்போதும் நான் இதைத்தான் கேட்கிறேன்: மாற்றியிருக்கிறார்கள், சரி, அந்த மாற்றத்துக்கான காரணம் கதைமாந்தரின் உள்ளத்திலிருந்து வந்ததா, அல்லது படத்தின் இரண்டாம் பாதிக்கு ஒரு பரபரப்பு தேவைப்பட்டதால் வந்ததா?

வெட்டியதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரசிகர்களில் ஒரு சாரார் டாம் பாம்படில் படத்தில் இல்லையே என்று இன்றும் புலம்புகிறார்கள். அந்தப் பாட்டுக்காரக் கிழவரை எனக்கும் பிடிக்கும். ஆயினும் அவரை எடுத்துவிட்டால் கதையின் எந்தத் தூணும் சரிவதில்லை. ஹாபிட் என்ற குள்ள இனத்தைச் சேர்ந்த பில்போவின் பிறந்தநாள் விருந்துக்கும், அவருடைய உறவினன் ஃப்ரோடோ அழிக்கப்பட வேண்டிய தீய மோதிரத்தைச் சுமந்து ஊரை விட்டுப் புறப்படுவதற்கும் இடையே புத்தகத்தில் பதினேழு ஆண்டுகள் கழிகின்றன. படத்தில் அந்தக் கால இடைவெளி இருப்பதே தெரியாது. அதனால் புத்தகத்தில் ஐம்பது வயதில் பயணம் தொடங்கும் ஃப்ரோடோ, திரையில் மீசை முளைக்காத இளைஞனாகிவிட்டான். இதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது, வழியில் ஃப்ரோடோவைப் பிடிக்கும் படைத்தலைவன் ஃபராமிருக்கு நேர்ந்த கதி. இரண்டாம் பாகத்தில், அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் நடக்கும் உரையாடலை மறுபடி ஒருமுறை படித்துப் பார். குகைக்குச் செல்லும் வழியிலேயே, ஃப்ரோடோ சுமக்கும் அந்தப் பொருள் நடுவழியில் கிடந்தாலும் தான் அதை எடுக்கப்போவதில்லை என்று, அது இன்னதென்று தெரியாமலேயே ஃபராமிர் சொல்லிவிடுகிறான். பின்னர் குகையில் ஃப்ரோடோவின் தோழன் சாம் வாய் தவறி மோதிரத்தின் பெயரைச் சொல்லிவிட, ஃபராமிர் எழுந்து நிற்கிறான். இரண்டு ஹாபிட்டுகளும் சுவரை ஒட்டிப் பின்வாங்கி வாளைத் தேடுகிறார்கள். தன் அண்ணன் போரோமிரைப் பித்தாக்கி அழித்த அதே பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவர்களைக் காப்பாற்ற யாருமில்லை. அவனோ மெல்லச் சிரித்துவிட்டு, மறுபடியும் தன் இருக்கையில் அமர்ந்து, சொன்ன சொல்லைச் சபதமாகக் காப்பேன் என்கிறான். ஒருவன் எழுந்து நின்று மீண்டும் உட்காருவதற்குள் ஒரு போருக்குரிய பதற்றம் முழுவதையும் டோல்கீன் அடக்கியிருக்கிறார்.

படத்தில் இதே ஃபராமிர் அவர்களைக் கைதிகளாக ஒஸ்கிலியத் நகரம் வரை இழுத்துச் செல்கிறான். அங்கேதான் மனம் மாறி விடுவிக்கிறான். இதற்குத் திரைக்கதை எழுதியவர்கள் சொன்ன காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. மோதிரம் எவரையும் வீழ்த்தக்கூடியது என்று இரண்டு படங்களாகக் காட்டிவிட்டு, ஒருவன் மட்டும் அதை எளிதாக மறுத்துவிட்டால் அதன் வலிமை குறைந்துபோகும் என்றார்கள். புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில் வரும் ராட்சதச் சிலந்தியின் காட்சியை மூன்றாவது படத்துக்குத் தள்ளிவிட்டதால், ஃப்ரோடோவின் கதைக்கு இரண்டாவது படத்தில் ஓர் உச்சம் வேண்டியிருந்ததும் உண்மை. முதல் வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவனாவது மறுக்க முடியும் என்பதால்தான் மற்றவர்களின் வீழ்ச்சி விதியின் வேலையாக இல்லாமல் அவரவர் குற்றமாகிறது. அந்த ஒருவனையும் தடுமாறச் செய்துவிட்டால், போரோமிர் மீது பழி சொல்ல நமக்கு என்ன உரிமை?

இதைவிட என்னை வருத்துவது படிக்கட்டுக் காட்சி. புத்தகத்தில், மலைப்படிகளின் உச்சியில் ஃப்ரோடோ சாமின் மடியில் தலை வைத்து உறங்குகிறான், சாமும் கண்ணயர்ந்திருக்கிறான். முன்பு மோதிரத்தை வைத்திருந்து, இப்போது வழிகாட்டியாக வரும் கோலம் என்பவன், அவர்களைக் காட்டிக்கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பிவந்து, அந்த உறக்கத்தைப் பார்த்து நெகிழ்ந்து, நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்த நொடியில் அவன் திருந்தியிருக்கக்கூடும். விழித்துக்கொண்ட சாம் சந்தேகத்தோடு கடுஞ்சொல் சொல்ல, அந்த வாய்ப்பு என்றென்றைக்குமாகப் போய்விடுகிறது. கதையிலேயே மிகவும் துயரமான தருணம் இதுவாக இருக்கலாம் என்று டோல்கீனே தம் கடிதம் ஒன்றில் குறித்திருக்கிறார். நல்லவனான சாமின் நியாயமான சினமே கேட்டுக்குக் காரணமாவதுதான் அங்குள்ள துயரம். படத்தில் என்ன நடக்கிறது? கோலம் ரொட்டியைத் தூக்கியெறிந்துவிட்டு, அதன் துகள்களைச் சாமின் சட்டையில் தூவிவைக்கிறான். ஃப்ரோடோ அதை நம்பி, வீட்டுக்குப் போ என்று சாமை விரட்டுகிறான். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் மருமகளை மாட்டிவிடும் உத்தி இது. மூவரும் தத்தம் உயரத்திலிருந்து ஒரு படி இறங்கிவிட்டார்கள்.

இவ்வளவு குறை சொல்பவன் ஏன் அந்தப் படங்களை மறுபடி மறுபடி பார்க்கிறான் என்று நீ கேட்பாய். போரோமிருக்காகப் பார்க்கிறேன். புத்தகத்தில் அவன் போரிட்டு வீழ்வதை நாம் நேரில் காண்பதில்லை. இரண்டாம் பாகம் தொடங்கும்போது பயணத் தோழன் அரகார்ன் அவனைக் குற்றுயிராகக் கண்டெடுக்கிறான், சில சொற்களில் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஜாக்சன் அந்த இறுதிப் போரைக் கண்முன் நிறுத்தி, ஒவ்வோர் அம்பாக வாங்கிக்கொண்டும் அவன் எழுந்து நிற்பதைக் காட்டினார். எழுதப்படாத இடத்தைத் திரை நிரப்பியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மலைமுகடுகளில் அடுத்தடுத்து எரியும் தீப்பந்தங்களும் அப்படித்தான்: புத்தகத்தில் குதிரையில் விரையும் மந்திரவாதி கேண்டால்ஃபும் ஹாபிட் பிப்பினும் தொலைவில் அவற்றைக் கண்டு கடந்துபோகிறார்கள், அவ்வளவுதான். இந்த இரு காட்சிகளிலும் நீ சொல்வதெல்லாம் சரி, மறுப்பே இல்லை.

என் அளவுகோலுக்கு அடங்காத ஓரிடமும் இருக்கிறது. போர் முடிந்து நான்கு ஹாபிட்டுகளும் தங்கள் ஊரான ஷயருக்குத் திரும்பும்போது, மரங்கள் வெட்டப்பட்டு, மக்கள் அடக்கப்பட்டு, தீய மந்திரவாதி சாருமானின் கையில் ஊர் சீரழிந்து கிடப்பதைக் காண்கிறார்கள். கேண்டால்ஃபின் உதவியின்றித் தாங்களே அதை மீட்கிறார்கள். இந்தப் பகுதி முழுவதையும் படத்தில் எடுக்கவே இல்லை. எரியும் ஷயர் முதல் படத்தில், வரக்கூடியதைக் காட்டும் கலாட்ரியலின் நீர்க்கண்ணாடியில் ஒரு கணம் தோன்றி மறைவதோடு சரி. வெட்டுவது மன்னிக்கத்தக்கது என்று சொன்ன நானே இந்த வெட்டை மன்னிக்கத் தயங்குகிறேன், ஏனென்றால் வெளியூர்ப் போரில் கற்றதை உள்ளூரில் பயன்படுத்துவதற்காகத்தானே அந்தப் பயணம் முழுவதும்? ஆனால் படத்தில் அந்த நால்வரும் பழைய மதுக்கடையில் அமர்ந்து, யாரும் தங்களைக் கவனிக்காத நிலையில், ஒன்றும் பேசாமல் கோப்பைகளை உயர்த்தும் காட்சி வருகிறதே, அதைப் பார்க்கும்போது என் கோபம் பாதி வடிந்துவிடுகிறது. ஊர் மாறவே இல்லை, மாறியவர்கள் இவர்கள்தான் என்பதும் ஒரு முடிவுதானே!

டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் 2012-ஆம் ஆண்டு பிரெஞ்சு நாளேடு ஒன்றுக்கு அளித்த பேட்டியில், 15 வயது முதல் 25 வயது வரையுள்ளோருக்கான அதிரடிப் படமாகத் தம் தந்தையின் நூலை ஆக்கிவிட்டார்கள் என்று மனம் நொந்து பேசினார். நீ அதைக் கிழவரின் முணுமுணுப்பு என்று ஒதுக்கியது சரியில்லை. தந்தை விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளைத் தொகுப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். அவருடைய கண்ணில் மூன்றாவது படத்துக்குக் கிடைத்த 11 ஆஸ்கர் விருதுகள் எப்படிப் பெரிதாகத் தெரியும்? ஆயினும், திரைப்பட உரிமையை 1969-இல் விற்றவர் டோல்கீன் தாமே என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

ஹாரி பாட்டர் ரசிகர்களின் சண்டை முற்றிலும் வேறு வகைப்பட்டது. 1954–55-இல் வெளிவந்த டோல்கீனின் நூலுக்கும் 2001-இல் வந்த முதல் படத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு கிடந்தது. வாசகர்கள் தத்தம் மனத்தில் முகங்களை வரைந்து முடித்துவிட்டார்கள். ஹாரி பாட்டரை எழுதிய ரௌலிங்கின் கதையிலோ நான்காம் புத்தகம் 2000-இல் வந்தது, ஐந்தாவது 2003-இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் முதல் இரண்டு படங்களும் வெளியாகிவிட்டன. ஆகவே கடைசி மூன்று புத்தகங்களைப் பெரும்பாலோர் ஆசிரியர் ஸ்னேப்பாக நடித்த ஆலன் ரிக்மேனின் குரலை அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்துத்தான் படித்திருப்பார்கள். அவர்களிடம் போய்ப் படமா புத்தகமா என்று கேட்டால், எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கியது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தப் படங்களில் முதலிரண்டும் புத்தகத்துக்கு மிக நெருக்கமானவை என்பது ரசிகர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வது. எனக்கு அவை, பக்கங்களைப் புரட்டிக்காட்டும் படவிளக்கம் போலவே தோன்றுகின்றன. அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய மூன்றாவது படம் (2004) மந்திர வரைபடத்தை உருவாக்கியவர்கள் யார் என்பதையே சொல்லாமல் விட்டது. ஆசிரியர் லூபினுக்கு அந்த வரைபடத்தைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று புத்தகம் படிக்காதவர்கள் விழிக்கத்தான் வேண்டும். இவ்வளவு இருந்தும் எட்டுப் படங்களில் அதையே நான் முதலில் வைப்பேன். பதின்மூன்று வயதின் தனிமையையும் எரிச்சலையும் அது ஒருவரும் விளக்கிச் சொல்லாமலே உணர்த்திவிடுகிறது. நான்காவது படத்தில், புத்தகம் அமைதியாகக் கேட்டார் என்று சொல்லும் கேள்வியைத் தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்பதைப் பற்றி ரசிகர்கள் ஓயாமல் கேலி செய்கிறார்களே, அந்தக் கேலியில் எனக்கும் பங்குண்டு. ஆனால் அது சிறு பிழை.

ஆறாவது படத்தின் பிழை பெரிது. அந்தப் புத்தகத்தின் முதுகெலும்பு, ஹாரியின் எதிரியான வோல்டமார்ட்டின் கடந்த காலத்தை டம்பிள்டோர் நினைவு நினைவாக ஹாரிக்குக் காட்டுவதுதான்: அவனுடைய தாயின் வறுமை, அநாதை இல்லம், தன் ஆன்மாவின் துண்டுகளை ஒளித்துவைத்த கிண்ணத்தையும் பதக்கத்தையும் அவன் கைப்பற்றிய விதம். படத்தில் அநாதை இல்லமும் ஆசிரியர் ஸ்லக்ஹார்னின் நினைவும் மட்டுமே மிஞ்சின. நேரமில்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் புத்தகத்தில் இல்லவே இல்லாத, ஹாரியின் நண்பன் ரானின் வீஸ்லி குடும்பத்து வீடு எரியும் காட்சியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள். விளைவு, அடுத்த இரண்டு படங்களில் ஹாரி தேடும் பொருள்கள் ஏன் அந்தப் பொருள்களாக இருக்கின்றன என்பது தெரியாமல், அவை வெறும் புதையல்களாகிவிட்டன. முடிவிலும் இதே கோளாறு. புத்தகத்தில் வோல்டமார்ட் பெருங்கூடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், சாதாரண மனிதனைப் போல் பிணமாக விழுகிறான். சாவுக்கு அஞ்சி ஆன்மாவைத் துண்டு துண்டாக்கியவனுக்கு அதைவிடப் பொருத்தமான தண்டனை கிடையாது. படத்தில் ஆளில்லா முற்றத்தில் சாம்பல் சுருள்களாக உதிர்ந்து காற்றில் பறக்கிறான். கண்ணுக்கு அழகாக இருக்கிறது, அவன் ஆசைப்பட்டபடியே மனிதருக்குரிய சாவிலிருந்தும் தப்பிவிடுகிறான்.

‘தி ஹாபிட்’ பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த மௌனத்தின் பொருள் எனக்குப் புரிகிறது. 1937-இல் வந்த ஒரு சிறிய புத்தகத்தை மூன்று படங்களாக இழுத்ததையும், அந்தப் புத்தகத்தில் வராத லெகோலாஸ் என்ற பாத்திரத்தையும் இல்லாத ஒரு காதலையும் உள்ளே நுழைத்ததையும் உன்னாலும் தாங்கிப் பேச முடியாது.

இனி ஒரு செய்தி. படங்களை முதலில் பார்த்து வளர்ந்த என் அக்காள் மகள் இப்போதுதான் டோல்கீனைப் படித்து முடித்திருக்கிறாள். பாம்படில் அத்தியாயங்களை அவள் மிகவும் ரசித்தாள்; கடைசியில் சாருமான் ஷயரில் எதிர்ப்பட்டபோது, கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேனே என்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். ஃபராமிரைப் பற்றிக் கேட்டேன். படத்தில் வருபவனைத்தான் தனக்குப் பிடித்திருக்கிறது, தடுமாறி மீள்பவனைத்தான் நம்ப முடிகிறது என்கிறாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் சரியான பதில் இல்லை. உன் கட்சிக்கு ஆள் சேர்ந்துவிட்டது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்.

ஹாரி பாட்டர் கதையை நீண்ட தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாக 2023-இல் அறிவித்தார்கள் அல்லவா? ஆறாம் புத்தகத்தின் நினைவுகளுக்கு அதில் இடம் இருக்கும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். இடம் மட்டும் போதும் என்று நீ நினைக்கிறாயா, அல்லது இத்தனை மணி நேரம் கிடைத்தும் அவர்கள் வேறொரு வீட்டைக் கொளுத்துவார்கள் என்று நினைக்கிறாயா? ஃபராமிரின் அந்தக் குகை அத்தியாயத்தைப் படித்துவிட்டு எழுது. படிக்காமல் எழுதும் பதிலை ஏற்க மாட்டேன்.

என்றும் அன்புடன்,
சேகர்