பதினோராவது கையெழுத்து

சிவமயம்

காரைக்குடி,
ஆடி மாதம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. நலம். மூட்டுவலி வழக்கம்போலத்தான், அதை விடு.

நேற்றுப் பள்ளத்தூரில் நம் பூர்வீக வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். தொலைபேசியில் சொன்னால் "சரி ஆத்தா, சரி ஆத்தா" என்று கேட்டுக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முகப்புக் கதவைத் திறக்கவே கால் மணி நேரமானது. உள்ளே கால் வைத்ததும் வௌவால் நாற்றம். நடுமுற்றத்து வளவின் வடகிழக்கு மூலையில், இரண்டு கூரைச் சரிவு சேருமிடத்தில் மழைநீரை வடிக்கிற கூடுவாய்த் தகரம் ஓட்டையாகி, போன ஐப்பசி மழை முழுவதும் சுவரில் இறங்கியிருக்கிறது. அதன் கீழே உள்ள உத்தரத்தின் முனையை விரலால் அழுத்தினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு, தம்பி. மாடிச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு ஓர் ஆலஞ்செடி. ஓட்டுக்கு அடியில் மரநாய் குடியிருக்கிறது. இப்போதைக்கு அந்த வீட்டில் குடித்தனம் நடத்துவது அது ஒன்றுதான்.

மழைமேல் பழி போட எனக்கு மனமில்லை. அப்பத்தா காலத்திலும் மழை பெய்தது, குரங்கு ஓட்டை உடைத்தது. ஆனால் காலையில் வளவு பெருக்கும்போதே ஈரம் கண்ணில் படும். மதியத்துக்குள் ஆள் ஏறி இரண்டு ஓடு மாற்றிவிட்டு இறங்கிவிடுவான். செலவு, அவனுக்கு ஒரு வேளைச் சாப்பாடும் கொஞ்சம் கூலியும். இன்று அதே மூலையைச் சரிசெய்யக் கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டு நான் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். இடையில் ஒருமுறை பங்காளிகள் யாரோ ஆள் விட்டுச் சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டை அப்பிவைத்தார்களே, அது பாளம் பாளமாக உதிர்ந்து கிடக்கிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல், பக்கத்தில் இருந்த நல்ல பூச்சையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பூச்சு அது. இன்றும் கன்னத்தை வைத்தால் குளிர்கிறது.

கட்டும்போது போட்ட கணக்கு வேறு. ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழில் செய்ய, கொண்டுவிற்கப் போவார்கள், பெண்டு பிள்ளைகள் வீட்டில் நிறைந்திருப்பார்கள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, தனி அடுப்பு. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு வரவு நின்றது. போர் முடிந்தபின் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியது. அப்புறம் பிழைப்புத் தேடிச் சென்னை, சிங்கப்பூர், இப்போது இங்கிலாந்தில் நீ.

இங்கிலாந்தில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆளும் சாமானும் இல்லாமல் கிடக்கிற வீட்டுக்கு நகராட்சி இரண்டு மடங்கு வரி போடலாம், ஐந்து வருஷமானால் மூன்று மடங்கு, பத்து வருஷமானால் நான்கு மடங்கு என்று சொன்னாயே. அது இங்கே வந்தால் செட்டிநாட்டில் பாதித் தெரு கடனில் மூழ்கிவிடும் என்று சிரித்தேன். இரவு படுத்தபின் யோசித்தால், இங்கே அது ஒன்றும் செய்யாது என்று தோன்றியது. நம் வீட்டுக்குப் பதினொரு புள்ளி, அதாவது பதினொரு பங்குக் குடும்பம். ஒருவர் கோலாலம்பூரில், மூவர் சென்னையில், ஒருவர் பேசுவதே இல்லை. நான்கு மடங்கு வரியையும் பதினொன்றால் வகுத்துவிட்டால் யாருக்கு உறைக்கும்?

ஹோட்டல்காரருக்குக் கொடுத்துவிடலாம் என்றாய். கானாடுகாத்தானில் அப்படிச் சில வீடுகள் பிழைத்திருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஊரிலுள்ள வீடெல்லாம் ஹோட்டலானால் வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள், ஒருவர் ஹோட்டலை ஒருவரா? விற்கும் பேச்சு வேண்டவே வேண்டாம். பின்தெரு வீட்டை வாங்கியவர்கள் ஒருநாள்கூட அதில் குடியிருக்கவில்லை. முதலில் நிலைக்கதவு போனது, பிறகு தூண்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைக் கடக்கும்போதெல்லாம், இது எந்த வீட்டுத் தூண் என்றுதான் பார்க்கிறேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். ஊரில் உள்ள மகளிர் கல்லூரிக்குத் தொலைவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற ஆசிரியைகள் இருவர், இரண்டு அறை கிடைக்குமா என்று கேட்டார்கள். இரண்டாங்கட்டில் நான்கு அறைகளையும் பின்கட்டு அடுப்படியையும் கொடுக்கலாம். அவர்களுக்குப் பின்வாசல் தனியாக இருக்கிறது. முகப்பும் வளவும் பட்டாலையும் நம்மோடுதான், கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும். வாடகையில் யாரும் பணக்காரர் ஆகப்போவதில்லை. கூடுவாய்க்கும் மின்கம்பி மாற்றவும் தேறும். அதைவிட, தினமும் அங்கே இரண்டு பேர் விளக்குப் போடுவார்கள், சொட்டு விழுந்தால் எனக்குச் சொல்வார்கள்.

அந்நியரை விட்டால் காலி செய்யமாட்டார்கள் என்று பெரியப்பச்சி பயந்தார். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும், வாய்ப்பேச்சாக இல்லாமல் அப்படியே பதிவு செய்வோம் என்றேன். வாடகைக்கு விடச் சம்மதம் என்று அரை மனதோடு கையெழுத்துப் போட்டார். போடும்போது, "பெண்பிள்ளை கையெழுத்து எதற்கு?" என்று உன் தங்கையைப் பற்றி ஒரு கேள்வி வேறு. உங்களைப் பெற்ற அப்பச்சி பங்கில் உனக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவு. பிதிரார்ஜிதச் சொத்தில் பெண்ணுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டாயிற்று, நாடு முழுக்க 2005இல் வந்தது. அவரிடம் இதைச் சொல்லவில்லை, காபி கொடுத்தேன்.

பேசாதிருந்தவரும் போட்டுவிட்டார். பத்துப் புள்ளி முடிந்தது. நம் புள்ளியில் நானும் தங்கையும் போட்டாயிற்று, பாக்கி நீதான். பவர் பத்திரம் இதோடு வருகிறது. இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டு அனுப்பு. இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆவணி தாண்டினால் ஓடு வேய்கிறவர் கிடைக்கமாட்டார். ஐப்பசியில் மறுபடி அந்த மூலை நனைந்தால் உத்தரம் தாங்காது.

அன்புடன்,
ஆத்தா

பி.கு.: கொடுக்கப்போகிற நான்கில் ஒன்று நீ படித்த அறை. அதன் சாவி மட்டும் கொத்தில் இல்லை. உன்னிடம் இருந்தால் பத்திரத்தோடு வைத்து அனுப்பு. பூட்டு பழைய திண்டுக்கல் பூட்டு, உடைக்க மனம் வரவில்லை.